டைபாய்டு என்று சொல்லிவிடலாம்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் கலீமுல்லா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டுத் தம்பிக்காகக் காத்திருந்தார். பதினொரு மணிக்கு ஆற்காட்டிலிருந்து மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் ஷாஹிதைத் திருப்புட்குழியில் விட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

யோசனை அவர் மனைவி கௌசருடையது.

"ஒரே ஒரு நாள்தாங்க. சாயந்திரம் போய்க் கூட்டிக்கினு வந்துடலாம். கேட்டா டைபாய்டு, தெரிஞ்சவங்க வீட்ல ரெஸ்ட்ல இருக்கான்னு சொல்லிடலாம்."

இரண்டு மாதமாக ஒலிமுகமதுபேட்டை முழுக்க அந்த வீட்டார் சொல்லிவரும் பதில் அதுதான். பக்கத்து வீட்டில் கேட்டாலும் டைபாய்டு, பள்ளிவாசலில் கேட்டாலும் டைபாய்டு. கலீமுல்லாவிடம் புடவைப் பெட்டி வாங்க வரும் பட்டுக்கடைக்காரர்கள், "இன்னுமா பாய் காய்ச்சல் விடல?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவார்கள்.

நடந்தது வேறு. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷாஹித் பதினொரு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். மணிக்கு இத்தனை பார்த்து அனுப்ப வேண்டும் என்று டார்கெட். டார்கெட் வருடா வருடம் ஏறியது, பக்கத்தில் நின்ற ஆட்கள் குறைந்தார்கள். ஒரு நாள் பகல் ஷிஃப்டில், கையிலிருந்ததைக் கீழே வைக்கவும் தெரியாமல் அடுத்ததை எடுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டான். லைன் நின்றது. யாரோ வந்து தோளைத் தொட்டதும் அழத் தொடங்கியவனை நிறுத்த முடியவில்லை. கம்பெனி வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அதற்குப்பின் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, பேச்சும் போயிற்று.

அவனை டாக்டரிடம் அழைத்துப் போனவள் கலீமுல்லாவின் மகள் நிக்கத். நான்காம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுக்க அவளுடைய பள்ளிக்கு வந்த டாக்டர் ஜெயப்ரியாவின் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். மனச்சோர்வு என்றார் டாக்டர். குணமாகும், ஆனால் நாளாகும் என்றார். மாத்திரையும், வாரம் ஒருமுறை அவரோடு பேச்சுமாக, இப்போது கொஞ்சம் தேவலை.

ஷாஹித் வெளியே வந்தான். முப்பத்தாறு வயது. போன ரம்ஜானுக்குத் தைத்த சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. நிக்கத் பின்னாலேயே வந்து மாத்திரைப் பட்டையை அவன் பையில் வைத்தாள்.

"மத்தியானம் சாப்ட்டப்புறம் ஒண்ணு, சாச்சா."

பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நிக்காஹ் அன்னிக்கும் சாச்சா திருப்புட்குழியிலதான் இருப்பாராப்பா?"

கலீமுல்லா வண்டியைக் கிளப்பினார்.

*

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஷாஹித் அவர் முதுகைத் தட்டினான்.

"பாய்ஜான், ஒரு டீ குடிக்கலாமா?"

இரண்டு மாதத்தில் அவனாக வாய்திறந்து கேட்ட முதல் விஷயம். கலீமுல்லா கடிகாரத்தைப் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டினார்.

டீக்கடைக்காரர் பிஸ்கட் பொட்டலங்களை ஒரு பழைய புடவைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஷாஹித் அதன் மூலையை விரலால் தடவிப் பார்த்தான்.

"நம்ம பெட்டி பாய்ஜான். மூலைக்கு ரெண்டு மடிப்பு போட்டிருக்குது பாருங்க. அப்பா மடிப்பு."

"ம்."

"அப்பா மாடியிலயே இருந்தாரே, ஒரு நாலு மாசம். ஞாபகம் இருக்குதா?"

கலீமுல்லாவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. இருபத்தேழு வருடமாக அந்த நான்கு மாதத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அவர் பேசவிட்டதில்லை.

"உனக்கு அப்ப ஒம்பது வயசு. உனக்கு என்னா ஞாபகம் இருக்கும்?"

"எல்லாம் இருக்குது. என் வாழ்க்கையிலயே நல்ல நாளு அதுதான் பாய்ஜான்."

கலீமுல்லா திரும்பித் தம்பியைப் பார்த்தார். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"ஸ்கூல் விட்டு வந்தா அப்பா வீட்ல இருப்பாரு. அதுக்கு முன்னாடி எப்ப அவர வெளிச்சத்துல பாத்திருக்கேன்? வெட்டிப்போட்ட அட்டையெல்லாம் மாடிக்குக் கொண்டான்னுவாரு. நான் கொண்டுபோவேன். ரெண்டு பேருமா கட்டிலுக்கு அடியில ஒரு ஊரே கட்டினோம். நம்ம ஊரு. கங்கைகொண்டான் மண்டபம், பஸ் ஸ்டாண்டு, ராஜ வீதி, எல்லாம். லேபிள் சுத்தி வர அட்டைக் குழாய வெச்சு பள்ளிவாசல் மினார். ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு மட்டும் பதினஞ்சு நாள் ஆச்சு. ஒவ்வொரு நிலையா வெட்டுவாரு. நான் பசை தடவுவேன்."

சொல்லச் சொல்ல அவன் முகத்தில் எப்போதோ பார்த்த ஒரு பையன் வந்து போனான்.

"பஸ்ஸுக்குத் தீப்பெட்டி. எந்த பஸ் எங்க நிக்கணும்னு அவருக்கு அவ்ளோ கரெக்டா தெரியும். செங்கல்பட்டு வண்டிய அரக்கோணம் வண்டி இடத்துல வெச்சுட்டேன்னு ஒரு நாள் திட்டினாரு. அப்பா வாய்விட்டுத் திட்டறாரேன்னு நம்ம அம்மி கீழேர்ந்து ஓடி வந்து பாத்தாங்க. ஏன் சந்தோஷப்பட்டாங்கன்னு அப்ப எனக்குப் புரியல."

கலீமுல்லாவுக்கும் அந்த நான்கு மாதம் மறக்கவில்லை. அவருடைய நான்கு மாதம் வேறாக இருந்தது.

அவருக்கு அப்போது இருபத்தைந்து. வைகாசி கல்யாண சீசன். பட்டுக்கடைகளில் பெட்டிக்கு நெருக்குகிறார்கள். அப்பா ஒரு நாள் காலை எழுந்திருக்கவில்லை. உடம்பு சுடவில்லை, வலியும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாளும் அப்படியே. கலீமுல்லா தனியாக அட்டை வெட்டினார், பசை காய்ச்சினார், சைக்கிளில் பெட்டிகளை ஆளுயரத்துக்குக் கட்டி காந்தி ரோடு கடைகளுக்கு எடுத்துப் போனார். அப்பா எங்கே என்றால் கிட்னி என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஞாபகமில்லை. கிட்னி என்றால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோன போது, "நான் இல்லாம போனாலும் நீ பாத்துக்குவ கலீம்" என்றார் அப்பா. அமைதியாக, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து மாடிப்படியின் கடைசிப் படியில் தலைவைத்துத்தான் கலீமுல்லா படுத்தார். அப்பா இறங்கினால் தன்னை மிதிக்காமல் இறங்க முடியாது என்று.

மாடியில் அட்டை ஊர் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். குப்பை என்று நினைத்திருந்தார்.

"போலாம்," என்றார். "நேரமாவுது."

*

திருப்புட்குழியில் குளத்துக்கு எதிர்த் தெருவில் அர்ஜுனன் வீடு. அர்ஜுனனும் கலீமுல்லாவும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அர்ஜுனனுக்கு இப்போது நிலத்தோடு உரக்கடையும் இருந்தது, போன தடவை ஊராட்சி வார்டு மெம்பராகவும் இருந்தார். மனைவி காந்தா ஷாஹிதைப் பார்த்ததும், "வா தம்பி, என்னா இப்படி எளைச்சுப் போய்ட்ட" என்று உள்ளே அழைத்துப்போய் மோர் கொடுத்தாள். அவனும் மறுக்காமல் குடித்தான்.

கலீமுல்லா வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். அர்ஜுனன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவர் கையைப் பிடித்துக் குளக்கரை வரைக்கும் நடத்திப் போனார்.

"இது உனக்கு ரெண்டாவது தடவ கலீமு."

"தெரியும்."

"உனக்கு முழுசா தெரியாது. நான் சொன்னதில்ல. நீ வருத்தப்படுவேன்னு எங்கப்பா சொல்லவேணாம்னு சொல்லியிருந்தாரு."

இருபத்தேழு வருடத்துக்கு முன், கௌசர் வீட்டார் கலீமுல்லாவைப் பார்க்க வந்த நாளில் நடந்தது. அன்றைக்கும் இப்படித்தான், அப்பாவை வாடகைக் காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"நீ விட்டுட்டுப் போனப்புறம் உங்கப்பா குளிச்சாரு. பையில புதுச் சட்ட ஒண்ணு கொண்டாந்திருந்தாரு, வெள்ளச் சட்ட. அதப் போட்டுக்கினு இதோ இந்தப் படிக்கட்டுல வந்து உக்காந்தாரு. ஏன் சார் வெய்யில்ல, உள்ள வாங்கன்னு கூப்ட்டேன். 'மத்தியானம் பேச்சு முடிக்கறதுக்கு கலீமு என்னக் கூட்டிக்கினு போவ வருவான், பெரியவங்க இல்லாம எப்படி முடிப்பாங்க'ன்னாரு."

கலீமுல்லா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி சத்தம் கேக்கும்போதெல்லாம் எழுந்து நிப்பாரு. சாயந்திரம் வரைக்கும் சாப்பிடல. சட்ட கசங்கிடும்னு சாய்ஞ்சுகூட உக்காரல. நீ வந்தப்ப, 'முடிஞ்சுதா, நல்லது'ன்னு மட்டும் சொன்னாரு. நீ கவனிக்கல. உன்னச் சொல்லிக் குத்தமில்ல, நீயும் சின்னப் புள்ள."

"ஏன்டா இத்தன வருஷம் சொல்லல?"

"சொல்லி என்னா ஆவப்போவுது? இன்னிக்குச் சொன்னா ஆவும்னு தோணுச்சு."

இருவரும் அர்ஜுனன் வீட்டுக்குத் திரும்பியபோது ஷாஹித் கூடத்தில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ரயில் வருமோ வராதோ என்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவனைப் போல.

கலீமுல்லா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். தம்பியைவிடத் தாழ்ந்து அவர் உட்கார்ந்ததில்லை. காந்தா திகைத்துப்போய் இன்னொரு நாற்காலியை எடுக்கப் போனாள்.

"ஷாஹித். இங்க வரதுக்கு உனக்கு இஷ்டமா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

"இப்ப கேக்கறேன்."

அவன் வெகுநேரம் யோசித்தான். இந்த நாட்களில் எதற்கும் அவனுக்கு நேரம் பிடித்தது.

"வீட்டுக்கு வந்தா பயமா இருக்கும். இங்க இருந்தா அசிங்கமா இருக்கும். ரெண்டுல பயம் பரவால்ல."

"சரி, வா."

"ஆனா டைபாய்டுன்னு சொல்லாதீங்க பாய்ஜான். அவங்க கேட்டா நானே சொல்லிக்கறேன்."

"நிக்கத்துக்கு இந்த சம்பந்தம் போச்சுன்னா?"

அந்தக் கேள்வியோடே இருவரும் எழுந்தார்கள்.

திரும்பும் வழியில், காற்று சத்தத்தில் கேட்குமோ கேட்காதோ என்ற தைரியத்தில் கலீமுல்லா சொன்னார்.

"அந்த அட்டை ஊர நான்தான்டா பிரிச்சுப் போட்டேன். கௌசர் வீட்டுக்காரங்க வரதுக்கு முந்தின நாள், மாடிய காலி பண்றேன்னு. எல்லாத்தையும் மிதிச்சு மடிச்சு சாக்குல கட்டிட்டேன். எலி தின்னுடுச்சுன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

ஒரு லாரி கடந்தது. இன்னொன்று கடந்தது.

"பஸ் ஸ்டாண்டையாவது விட்டு வெச்சிருக்கலாம்," என்றான் ஷாஹித்.

கலீமுல்லா கண்ணாடியில் பார்த்தார். தம்பியின் உதட்டோரம் லேசாகக் கோணியிருந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவருக்குக் கண் கலங்கி ரோடு மங்கியது. வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

*

அவர்கள் வருவதற்குள் ஆற்காட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சித்தாரா, தபால் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகன் ஆஸிம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் இருக்கிறான். மெலிந்த, அதிகம் பேசாத பையன். சித்தாரா மக்கன் பேடா டப்பாவைக் கௌசர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்ததும் கேட்டார்.

"நிக்கத்தோட சாச்சாவக் காணோமே?"

"அவனுக்கு டைபாய்டு," என்றாள் கௌசர். "தெரிஞ்சவங்க தோட்டத்து வீட்ல இருக்கான். காத்து நல்லா இருக்கும்னு."

"அடடா. ஆஸிமுக்குப் பத்தாவது படிக்கறப்ப வந்துச்சு. படாதபாடு. என்னா ஆகாரம் குடுக்கறீங்க?"

"கஞ்சிதாங்க. நொய்யி போட்டு."

"சாயந்திரமானா காய்ச்சல் ஏறுமே?"

"ஆமா. நாலு மணிக்கு மேல ஏறும். அப்புறம் வேர்த்து இறங்கும்."

சமையலறைக் கதவருகே நின்ற நிக்கத்துக்குக் காது சுட்டது. அம்மி கௌசருக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அதனாலேயே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

கலீமுல்லா முதலில் நுழைந்தார். பின்னால் ஷாஹித். கௌசர் கையிலிருந்த தட்டு ஒருபக்கம் சாய்ந்தது. ஆஸிம் எழுந்து நின்று சலாம் சொன்னான்.

"வாங்க தம்பி," என்றார் சித்தாரா, சந்தோஷமாகவே. "எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டீங்களா? காய்ச்சல் விட்டுச்சா?"

ஷாஹித் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"காய்ச்சல் இல்ல ஆபா. எனக்கு டிப்ரஷன். மனசு உடம்பு ரெண்டும் ஓடாம நின்னுபோச்சு. டாக்டர்கிட்ட போய்க்கினு இருக்கேன். மாத்திர சாப்பிடறேன். வேலைக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. முன்னைக்கி இப்ப பரவால்ல."

அவ்வளவுதான் சொன்னான். கையை எடுத்துக்கொண்டு, "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனான்.

சித்தாரா கௌசரைப் பார்த்தார். கௌசர் தரையைப் பார்த்தாள்.

"நாந்தாங்க அப்படிச் சொன்னேன்," என்றாள், குரல் எழும்பாமல். "அவங்க யாரும் சொல்லல."

நிக்கத்தான் நடுவில் வந்து, சாப்பிட உட்காரும் தஸ்தர்கானைத் தரையில் விரித்தாள். டீச்சர் குரலில், "எல்லாரும் உக்காருங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் அப்படிப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

ஆஸிம் போய், கை கழுவித் திரும்பிய ஷாஹிதின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பாதிச் சாப்பாட்டில் சித்தாரா, தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"தூக்கம் வருதா தம்பி?"

"இப்ப நாலு மணி நேரம் வருது ஆபா. மொதல்ல அதுவும் இல்ல."

"ம்," என்றார் சித்தாரா. தால்ச்சாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கிளம்பும்போது, ஆஸிம் வாசல் வேப்பமரத்தடியில் ஷாஹிதோடு பேசிக்கொண்டிருக்க, சித்தாரா கௌசரைத் தனியாக ஒரு ஓரம் அழைத்தார்.

"உங்க மேல கோவம் இல்லம்மா. வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா சம்பந்தமே வேணாம்னு சொல்ற ஆளும் இல்ல நான். ஆனா கஞ்சிக்கு நொய்யி போட்டேன்ற வரைக்கும் சொன்னீங்களே. அதத்தான் கொஞ்சம் யோசிக்கணும். யோசிச்சுட்டு போன் பண்றேன்."

கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் கௌசர் கதவருகே நின்றாள்.

*

"எல்லாம் போச்சு," என்றாள், உள்ளே வந்ததும். "ஒரு நாள். ஒரே ஒரு நாள் கேட்டேன் உங்கள. எம்பொண்ணு வாழ்க்கைக்காக. நான் என்னா ஷாஹித வேணாம்னா சொன்னேன்? நான் வளத்த புள்ள அது."

"தெரியும் கௌசர்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க? அவங்க முன்னாடி என்னப் பொய்க்காரியா நிக்க வெச்சுட்டீங்க."

கலீமுல்லா கதவைச் சாத்தினார். இருபத்தேழு வருடத்துக் கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், நடுவிலிருந்தே தொடங்கினார்.

"உங்க வீட்லேர்ந்து என்னப் பாக்க வந்தாங்களே, அன்னிக்கு அப்பா எங்கன்னு உங்க மாமூ கேட்டாரு. ஞாபகம் இருக்குதா?"

"கிட்னி ட்ரீட்மெண்டுக்கு மெட்ராஸ் போயிருக்காருன்னீங்க."

"அப்பாவுக்குக் கிட்னில ஒண்ணும் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, மாடிப்படியில் தான் தலைவைத்துப் படுத்தது, குளத்துப் படிக்கட்டில் அப்பா காத்திருந்தது. கௌசர் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

மாமனாரை அவள் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவள். கல்யாணமாகி வந்த புதிதில் சமையலில் உப்பு அதிகமானால் தண்ணீர் கேட்காமல் சாப்பிட்டுவிடுவார். பிறந்தகம் போக ஏங்குகிறாள் என்று யாரும் கவனிக்காத நாளில், மகளைக் கூப்பிடும் குரலில், "பேட்டி, நாளைக்குக் காட்பாடி வண்டிக்கு உன்ன ஏத்தி விடட்டுமா?" என்று கேட்பார். நிக்கத் பிறந்து ராப்பகலாக அழுதபோது தோளில் போட்டுக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தவர் அவர்தான். கடைசி நாட்களில் அவள் கையால் ஊட்டினால்தான் வாய் திறந்தார். அவரில்லாமல் பதினாறு வருடம் ஓடிவிட்டது. இன்றும் ஆரஞ்சு உரித்தால் நாரெல்லாம் எடுத்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுப்பாள், அவருக்குக் கொடுத்த பழக்கத்தில்.

"மாமாவையா," என்றாள். "மாமாவையா அப்படி உக்கார வெச்சீங்க?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

கௌசர் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"சொல்லியிருப்பேன்தாங்க," என்றாள் கடைசியில். "அப்ப எனக்கு இருபது வயசு. பயந்துபோய் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். வேற எங்கயோ வாழ்க்கப்பட்டிருப்பேன். மாமா மாதிரி ஒரு மனுஷன் இருந்தாருன்னே எனக்குத் தெரியாம போயிருக்கும்."

அப்போதுதான் அழுதாள். யாரை நினைத்து என்று கலீமுல்லா கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்துக் கௌசர் எழுந்து முகம் கழுவினாள். சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் பிரியாணி போட்டாள்.

"அவன் சரியாவே சாப்பிடல," என்றாள். "அந்தம்மா கேள்வி கேட்டதுல பாதியில எழுந்துட்டான்."

தட்டை அவளே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். ஷாஹிதிடம் என்ன சொன்னாள் என்று கீழே கேட்கவில்லை. இறங்கி வரும்போது தட்டு காலியாக இருந்தது.

*

வெயில் தாழ்ந்ததும் நிக்கத் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்கு வந்தாள். ஷாஹித் கைப்பிடிச் சுவரருகே நின்று ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபுரத்தின் மேல் நிலைகளில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"சாச்சா, நீங்க வந்து பேசினது தப்புன்னு யோசிச்சுக்கினு இருக்கீங்களா?"

"ஆமா."

"நான் அப்படி நெனைக்கல. அத சொல்லத்தான் வந்தேன்."

"நீ துணி எடுக்க வந்தேன்னு நெனச்சேன்."

"அதுவுந்தான்."

இருவரும் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். முனைகளைச் சேர்க்க அருகில் வந்தபோது நிக்கத் குரலைத் தாழ்த்தினாள்.

"கிளம்பறப்ப அவரு உங்கள வேப்பமரத்தாண்ட தனியா கூட்டிக்கினு போனாரே. ரொம்ப நேரம் பேசினாரு. என்னா கேட்டாரு? என்னப் பத்தியா?"

ஷாஹித் போர்வையை மடித்து முடித்து அவள் கையில் வைத்தான்.

"உன்னப் பத்தி இல்ல. டாக்டர் ஜெயப்ரியா நம்பர் கேட்டாரு. குடுத்தேன்."

"யாருக்கு?"

"அதத்தான் நானும் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவேணாம், உனக்கும் தெரியவேணாம்னாரு."

கீழே அவளுடைய போன் மணி அடித்தது. அம்மி மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "நிக்கத், உன் போன்ல ஆஸிம்."

"நான் ஒண்ணுதான் சொன்னேன் அவருகிட்ட," என்றான் ஷாஹித். "இன்னும் ஒருத்தர ஒளிச்சு வெக்க எங்க வீட்ல எடமில்ல தம்பி, இன்னிக்கே அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு சொன்னேன். போ. போய் எடு."